நடைபாத்தியமும் நாக்ஸ் ஹெட்டும்

இங்கிலாந்தில் மகனோ மகளோ தங்கையோ இருப்பவர்கள் அங்கே ஒருமுறை போய்விட்டு வந்தால் டவர் பிரிட்ஜ், மெழுகு பொம்மை, விடாத மழை என்று மூன்று விஷயம் கட்டாயம் சொல்வார்கள். இந்தப் பதிவில் அது மூன்றும் வராது. 2019 மே மாதம் மான்செஸ்டரில் இருக்கும் தங்கை வீட்டில் இரண்டு வாரம் இருந்தோம். (வங்கிக்காரர்களுக்கு எல்.எஃப்.சி.யில் வெளிநாடு கிடையாது. சொந்தக் காசு. செம்பூர் நண்பர்கள் தயவுசெய்து குறித்துக்கொள்ளவும்.) அதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு குடும்பமும் அம்மாவுமாகச் சேர்ந்து ஈடேல் என்ற மலையடிவாரக் கிராமத்துக்குப் போனோம். வயல்களின் ஊடே கொஞ்ச தூரம் நடப்பது, கிராமத்துப் பப்பில் மத்தியானச் சாப்பாடு, சாயங்கால ரயிலில் திரும்புவது. அவ்வளவுதான் திட்டம். நாம் கோயிலுக்குப் போய்விட்டு வரும் வழியில் ஓட்டலில் டிபன் சாப்பிடுகிற மாதிரி, அங்குள்ள குடும்பங்களுக்கு இது சர்வசாதாரணமான ஞாயிற்றுக்கிழமை.

அம்மாவுக்கு அப்போது 74 வயது. அன்றைக்கு இரண்டு கேள்வி கேட்டார். முதலாவது, வயலுக்குள் போகும் சின்ன மரக்கதவைத் தங்கை திறந்தபோது: "யாரோட நெலம்டி இது? ஒரு வார்த்தை கேக்காம உள்ள போறோமே?" இரண்டாவது, பப் வாசலில்: "இங்கயா சாப்பாடு? சாராயக் கடைக்குக் கொழந்தைங்களயும் கூட்டிக்கிட்டா போறது?"

இரண்டுமே நியாயமான கேள்விகள். உள்ளூர்க்காரர்களைக் கேட்டால் இதெல்லாம் காலங்காலமாக இப்படித்தான் என்பார்கள். திரும்பி வந்து உட்கார்ந்து படித்துப் பார்த்தால், காலங்காலமாகவெல்லாம் இல்லை என்று தெரிகிறது. அடுத்தவன் வயலில் நடக்கிற உரிமையும் சரி, பெண்டாட்டி பிள்ளைகளோடு பப்பில் உட்காருகிற உரிமையும் சரி, சண்டை போட்டும் சட்டம் போட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கியவை. சிலது நம் தாத்தா காலத்தில். சிலது நாம் வேலைக்குச் சேர்ந்த பிறகு.

முதலில் ஊரைப் பற்றி. மான்செஸ்டர் பிக்கடில்லி ஸ்டேஷனிலிருந்து ஷெஃபீல்ட் போகும் பாசஞ்சரில் முக்கால் மணி நேரம். ஒரு நீண்ட குகைப்பாதையைத் தாண்டி வெளியே வந்தால் பச்சைப் பள்ளத்தாக்கு. ஈடேல் என்பது உண்மையில் ஐந்து சின்னக் குடியிருப்புகளின் கூட்டம். அப்பர் பூத், பார்பர் பூத், கிரைண்ட்ஸ்புரூக் பூத் என்று எல்லாப் பெயரிலும் ஒரு 'பூத்' ஒட்டிக்கொண்டிருக்கும். ஓட்டுச்சாவடி இல்லை :-) மாடு மேய்ப்பவர்கள் தங்கும் கொட்டகைக்குப் பழைய காலத்தில் அந்தப் பெயர். இந்தப் பள்ளத்தாக்கு அந்த நாளில் அரசரின் வேட்டைக்காடு, அதற்குள் மாட்டுப் பட்டிகள். பிறகு பொதி குதிரைகள் வந்தன. செஷயர் பக்கத்து உப்பும், கம்பளியும் மலை தாண்டிப் போனது குதிரை முதுகில்தான். அந்தக் குதிரைக்காரர்களுக்கு 'ஜாகர்' என்று பெயர். பாட்டுக்காரர் மிக் ஜாகரின் குடும்பப் பெயர் அந்தத் தொழிலை வைத்து வந்ததுதான் என்கிறார்கள். ஊர் நடுவில் இருக்கும் பப்பின் பெயர் ஓல்ட் நாக்ஸ் ஹெட். 'நாக்' என்றால் மட்டக்குதிரை. 1577-ல் கட்டியது என்று சொல்கிறார்கள். இந்த 1577-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறது.

ரயில் வந்தது 1894-ல். அதோடு இந்த ஊரின் கதை மாறியது. ஒரு பக்கம் மான்செஸ்டர், பஞ்சாலைகள். மறுபக்கம் ஷெஃபீல்ட், இரும்பு உருக்காலைகள். நடுவில் இந்த மலை. ஆறு நாள் புகையில் நின்றவர்கள் ஏழாம் நாள் டிக்கெட் வாங்கிக்கொண்டு இங்கே வந்து நின்றார்கள். வந்தவர்களுக்கு மலை கண்ணுக்குத் தெரிந்தது, ஏறத்தான் முடியவில்லை.

கிண்டர் ஸ்கவுட் என்ற அந்த மலை 636 மீட்டர். நம் கொல்லிமலையில் பாதிதான் இருக்கும். உச்சியில் மரம் கிடையாது, கரி மண்ணும் ஹெதர் புதரும். ஒரு காலத்தில் சுற்றுவட்டாரத்து ஜனங்கள் ஆடு மேய்க்கவும், எரிக்கக் கரி மண் வெட்டவும் போய் வந்த பொதுநிலம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நிலச்சுவான்தார்கள் அதைத் தங்களுக்குள் பிரித்துக்கொண்டு வேலி போட்டார்கள். எதற்கு? க்ரௌஸ் என்று கௌதாரி வகைப் பறவை ஒன்று. ஆகஸ்ட் 12-ம் தேதி ஆரம்பித்து ஒரு சீசனில் சில நாட்கள் துரைமார்கள் அதைச் சுட வேண்டும். அந்தச் சில நாட்களுக்காக வருடம் முழுக்கக் காவல்காரர்கள் தடியோடு நின்றார்கள்.

1932 ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமை. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஹேஃபீல்ட் என்ற ஊரில் சுமார் நானூறு பேர் கூடினார்கள். அழைத்தவர் பென்னி ராத்மன், மான்செஸ்டர் மெக்கானிக், அப்போது வேலை கிடையாது, வயது 20. ஸ்டேஷனில் போலீஸ் காத்திருக்கும் என்று தெரிந்து அவர் சைக்கிளில் போய்ச் சேர்ந்தார். ஒரு கல் குவாரியில் நின்று பேசிவிட்டு எல்லோருமாக மலையேறினார்கள். வழியில் காவல்காரர்களோடு கைகலப்பு, ஒருவருக்குக் காலில் அடி. மேலே போனபோது ஷெஃபீல்டிலிருந்து வந்த இன்னொரு கூட்டம் ஈடேல் வழியாக ஏறி எதிரே வந்தது. கைகுலுக்கிவிட்டு இறங்கினார்கள். இறங்கிய இடத்தில் கைது.

இங்கே ஒரு சட்ட நுணுக்கம். அடுத்தவன் நிலத்தில் நுழைவது இங்கிலாந்தில் குற்றம் கிடையாது, சிவில் விவகாரம்தான். ஆகவே 'அத்துமீறி நுழைந்தார்கள்' என்று சிறையில் போட வழியில்லை. கலகம், அடிதடி என்று வழக்கு ஜோடித்தார்கள். டெர்பி கோர்ட்டில் ஜூரியாக உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் ராணுவ அதிகாரிகளும் நிலக்காரர்களும். கைதான ஆறு பேரில் ஐந்து பேருக்கு இரண்டு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை சிறை. ராத்மனுக்கு நான்கு மாதம்.

இந்த ஒரு நாள்தான் எல்லாவற்றையும் வாங்கிக் கொடுத்தது என்று அங்கே சிலர் எழுதுகிறார்கள். அது கொஞ்சம் மிகை. அன்றைக்கு நடைச் சங்கங்களின் பெரியவர்களே இதை எதிர்த்தார்கள், பேச்சுவார்த்தை கெட்டுவிடும் என்று. அவர்களும் சும்மா இருக்கவில்லை. 1894-லேயே ஒரு பாதைப் பாதுகாப்புச் சங்கம் தொடங்கி, 1897-ல் இதே கிண்டர் மலையோரமாக ஒரு பாதையைச் சட்டப்படி வாங்கிக் காட்டியவர்கள். ஆனால் பெரியவர்கள் போட்ட மனுக்களை யாரும் படிக்கவில்லை, ஐந்து பையன்கள் சிறைக்குப் போனதை நாடே படித்தது. என் அபிப்பிராயம், இரண்டும் வேண்டியிருந்தது.

அதே 1932-ல் பாராளுமன்றம் ஒரு வழியுரிமைச் சட்டம் கொண்டுவந்தது. பொது ஜனங்கள் ஒரு பாதையில் 20 வருடம் தடையில்லாமல் நடந்திருந்தால் அது பொதுப் பாதைதான் என்று கொள்ள அதில் வழி உண்டு. அடமானக் கடன் பார்த்த வங்கிக்காரர்களுக்கு இந்த 20 வருடம் பழகிய எண். நம் இந்திய வழியுரிமைச் சட்டம் 1882-ம் வருஷத்தது, முதலில் அமலுக்கு வந்த இடங்களில் மதராஸ் மாகாணமும் ஒன்று. பத்திரத்தில் சொத்து விவரத்தின் கடைசியில் 'மாமூல் வழி நடைபாத்தியம் உள்பட' என்று ஒரு வரி வருமே, அதன் பின்னால் இருப்பது இந்தச் சட்டம். நம் சட்டத்தில் அப்படிப்பட்ட உரிமையை 20 வருடம் அனுபவித்தால் கிடைக்கும், 20 வருடம் அனுபவிக்காமல் விட்டால் போயும்விடும். இங்கிலாந்துப் பொதுப் பாதைக்கு அந்த இரண்டாம் பாதி கிடையாது. ஒருமுறை பொதுப் பாதை என்று ஆகிவிட்டால், நூறு வருடம் ஒரு மனிதன் கால் வைக்காவிட்டாலும் அது பொதுப் பாதை.

1949-ல் வந்த சட்டம் ஒவ்வொரு கவுண்டியும் தன் எல்லைக்குள் உள்ள பாதைகளை எல்லாம் வரைபடத்தில் குறித்து வைக்க வேண்டும் என்றது. அங்கே கடையில் விற்கும் நடைப்பயண வரைபடத்தில் பச்சைக் கோடு கோடாக வருவது அதுதான். நிலத்துக்காரர் கோதுமை விதைக்கலாம், ஆடு விடலாம், நிலத்தை விற்கலாம். பாதையை அடைக்க முடியாது. கல்சுவர் குறுக்கே வந்தால் தாண்டிப் போகப் படி இருக்கும், வேலி வந்தால் கதவு இருக்கும். நாம் செய்ய வேண்டியது கதவைத் திரும்பச் சாத்துவது, ஆடு வெளியே போகாமல். ஆக அம்மாவின் முதல் கேள்விக்குப் பதில்: நிலம் யாருடையதாகவோ இருக்கட்டும், பாதை நம்முடையது. நம்முடையது என்றால், செம்பூரிலிருந்து வந்து இறங்கிய நம்முடையதும்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1951-ல் இந்த மலைப்பகுதி பிரிட்டனின் முதல் தேசியப் பூங்கா ஆனது. 1965-ல் ஈடேலில் தொடங்கி ஸ்காட்லாந்து எல்லை தாண்டிப் போகும் 268 மைல் பென்னைன் நெடும்பாதை திறந்தார்கள். நாக்ஸ் ஹெட் பப்பின் எதிரில்தான் அதன் ஆரம்பம். 2000-ல் வந்த சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், மலை, தரிசு நிலங்களில் பாதையை விட்டு விலகியும் நடக்கலாம் என்றது. 2004 செப்டம்பரில் அது கிண்டரில் அமலுக்கு வந்தது. அதைப் பார்க்க ராத்மன் இல்லை, 2002 ஜனவரியில் இறந்துவிட்டார். அதே 2002-ல், எழுபதாம் ஆண்டு விழாக் கூட்டத்தில், டெவன்ஷயர் பிரபு வந்து தன் தாத்தா காலத்தில் செய்தது தவறு என்று மன்னிப்புக் கேட்டார். கேட்ட வரைக்கும் சரி.

இதையெல்லாம் தங்கை வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டே வந்தபோது அம்மா தன் பிறந்த ஊரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். கும்பகோணத்துக்குத் தெற்கே, அரசலாற்றங்கரை. தெருக்கோடியிலிருந்து ஒரு தென்னந்தோப்பு வழியாக ஆற்றுக்கு ஒற்றையடிப் பாதை. குளிக்க, துணி துவைக்க, பதினெட்டாம் பெருக்குக்குக் காதோலை கருகமணி கொண்டுபோய் விட, எல்லாவற்றுக்கும் அதுதான் வழி. தோப்பு கை மாறியது. வாங்கியவர் முள்கம்பி போட்டார். எதிர்த்துக் கேட்கக்கூடிய வயதில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சென்னைக்கும் பம்பாய்க்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போயிருந்தார்கள். ஊரில் இருந்த கிழவிகளுக்கு வீட்டில் குழாய் வந்துவிட்டது. நடக்க ஆளில்லாத பாதைக்கு யார் வழக்குப் போடுவது? "கம்பி போட்டப்போ யாருக்கும் ஒண்ணும் தோணல" என்றார் அம்மா. பிறகு அந்தப் பேச்சு எடுக்கவில்லை, அடுத்த கதவு வரை மெதுவாக நடந்தார். அதற்கு மேல் முழங்கால் ஒத்துழைக்காததால் தங்கையோடு ஊருக்குள் திரும்பிவிட்டார். நாங்கள் அப்பர் பூத் வரை போய் வந்தோம்.

சரி, இனி பப்.

நம் ஊரில் இந்தச் சொல்லுக்கு நல்ல பெயர் கிடையாது. காதைப் பிளக்கும் பாட்டு, இருட்டு, பத்திரிகையில் போலீஸ் ரெய்டு. ஆனால் 'பப்' என்பது 'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கம். பொது வீடு. மும்பையில் இருப்பவர்களுக்கு 'பர்மிட் ரூம்' போர்டு தெரியும், குடிக்கிறவன் தனக்குத் தனியாக லைசென்ஸ் எடுக்க வேண்டும் என்கிற 1949 சட்டத்தின் மிச்சம் அது. அங்கே 'பொது வீடு', இங்கே 'அனுமதி அறை'. இரண்டு ஊர் சரித்திரமும் போர்டிலேயே இருக்கிறது.

அதற்காக இங்கிலாந்தில் அரசாங்கம் கண்ணை மூடிக்கொண்டிருந்தது என்று நினைக்க வேண்டாம். 1552-லேயே சட்டம் வந்துவிட்டது. மதுக்கடை வைக்க வேண்டுமானால் இரண்டு மாஜிஸ்திரேட்டுகள் சம்மதிக்க வேண்டும், கடையில் ஒழுங்கு கெடாது என்று ஜாமீனோடு பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கேரண்டர் இல்லாமல் அன்றைக்கும் ஒன்றும் நடக்காது போல! 1577-ல் (ஞாபகம் இருக்கிறதா?) நாடு முழுக்கக் கடைக் கணக்கு எடுத்தார்கள். கணக்கு கிடைத்த பகுதிகளில் மட்டும் 14,000-க்கு மேல் ஏல் கடைகள், 1,600 சொச்சம் சத்திரங்கள், 300 சொச்சம் ஒயின் கடைகள். எதற்குக் கணக்கு? குடியைக் குறைக்க என்று நினைத்தால் தப்பு. டோவர் துறைமுகத்தைப் பழுது பார்க்கப் பணம் வேண்டியிருந்தது, தலைக்கு இவ்வளவு என்று வசூல் செய்யத்தான்.

1830-ல் ஜின் சாராயத்தின் பிடியைத் தளர்த்த வேண்டும் என்று, வரி கட்டும் யாரும் இரண்டு கினி கட்டினால் பியர் கடை வைக்கலாம் என்றார்கள். எட்டு வருடத்தில் நாற்பதாயிரத்துக்கு மேல் கடைகள். தொழிலாளியின் வீட்டு முன்னறையே கடை.

பிறகு நம் துறைக்காரர்கள் வருகிறார்கள். 1886-ல் கின்னஸ் கம்பெனி லண்டனில் 60 லட்சம் பவுண்டுக்குப் பங்கு வெளியிட்டது. பேரிங்ஸ் வங்கி வாசலில் ஜனங்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு விண்ணப்பம் போட்டார்கள். அதைப் பார்த்து மற்ற பியர் கம்பெனிகளும் பங்குச் சந்தைக்கு வந்தன. வந்த பணத்தை என்ன செய்வது? பப் நடத்துகிறவனுக்குக் கடன் கொடுத்தார்கள். நிபந்தனை ஒன்றுதான், எங்கள் பியரை மட்டும் விற்க வேண்டும். கடன் நின்றுபோனால் கடையே கம்பெனிக்கு. இப்படியே இருபதாம் நூற்றாண்டு பிறப்பதற்குள் நாட்டின் பெரும்பாலான பப்கள் ஏதோ ஒரு கம்பெனியின் பிடிக்குள் போய்விட்டன. சில பப் வாசலில் 'ஃப்ரீ ஹவுஸ்' என்று எழுதியிருப்பார்கள். அந்தப் பிடியில் இல்லாத கடை என்று அர்த்தம். காசு வாங்க மாட்டார்கள் என்று நினைத்துப் போன நம்மவர்களின் கதைகள் மான்செஸ்டர் தமிழர்களிடம் நிறைய உண்டு.

அம்மாவின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அவர் சொன்னது பழைய இங்கிலாந்துச் சட்டத்துக்கும் ஒத்த கருத்துதான்! 1908-ல் வந்த குழந்தைகள் சட்டம், 14 வயதுக்குட்பட்டவர்கள் மதுக்கடையின் பார் பகுதிக்குள் வரக்கூடாது என்றது. அதற்கு முன்னால் அப்பனுக்கு பியர் வாங்கி வரக் குடத்தோடு குழந்தைகள்தான் ஓடும். அதே சட்டத்தில் 5 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு மது கொடுப்பது குற்றம் என்றும் எழுத வேண்டியிருந்தது என்றால், நிலைமையை யோசித்துக்கொள்ளுங்கள்.

குடிகாரக் கடை எப்படிக் குடும்பக் கடை ஆனது என்பதில் எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் கார்லைல். 1914-ல் யுத்தம் வந்தது. வெடிமருந்துத் தொழிலாளிகள் குடித்துவிட்டு வந்தால் ஆபத்து என்று 1915-ல் பப் நேரத்தைக் குறைத்தார்கள், மத்தியானத்துக்கு மேல் கடை சாத்த வேண்டும் என்று. (யுத்தம் 1918-ல் முடிந்தது. அந்தப் பிற்பகல் கதவடைப்பு முடிந்தது 1988-ல். தற்காலிக உத்தரவுகளின் ஆயுள் எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.) ஸ்காட்லாந்து எல்லையோரம் கிரெட்னாவில் பெரிய வெடிமருந்துத் தொழிற்சாலை, பக்கத்து ஊர் கார்லைலில் சனிக்கிழமை இரவுகளில் ரகளை. 1916-ல் அரசாங்கம் கார்லைல் வட்டாரத்தின் பியர் ஆலைகளையும் பப்களையும் விலைக்கு வாங்கிவிட்டது. நம் ஊரில் 1969-ல் வங்கிகளை எடுத்துக்கொண்ட மாதிரி.

எடுத்துக்கொண்டு என்ன செய்தார்கள் என்பதுதான் விஷயம். நிறையக் கடைகளை மூடினார்கள். மீதியிருந்த கடையின் மேனேஜருக்கு மாதச் சம்பளம். பியர் எவ்வளவு விற்றாலும் கமிஷன் கிடையாது. சாப்பாடு விற்றால், காபி, டீ, சோடா விற்றால் கமிஷன் உண்டு! பிறகு ஹாரி ரெட்ஃபர்ன் என்ற கட்டடக் கலைஞரை வைத்துப் புது பப்கள் கட்டினார்கள். வெளிச்சமான அறை, மேஜை நாற்காலி, சூடான சாப்பாடு, பெண்கள் கூச்சமில்லாமல் வந்து உட்கார இடம், வெளியே புல்தரையில் விளையாட்டு. நின்றுகொண்டு ஊற்றிக்கொள்வது குறைந்து, உட்கார்ந்து சாப்பிடுவது வந்தது. 1970-களின் ஆரம்பத்தில் அரசாங்கம் எல்லாவற்றையும் விற்றுவிட்டது. ஆனால் பப் என்றால் சாப்பாடும் இருக்க வேண்டும் என்ற எண்ணம் வேரூன்றியதில் கார்லைலுக்குப் பங்கு உண்டு.

நம் தமிழ்நாட்டிலும் 2003 முதல் சில்லறை மது விற்பனை அரசாங்கத்தின் கையில். டாஸ்மாக் பற்றி அரசியல் பேசப் போவதில்லை. ஒரு காமர்ஸ் மாணவனாக மட்டும் ஒன்று கேட்கிறேன். இரண்டு இடத்திலும் முதலாளி அரசாங்கம்தான். ஒரு இடத்தில் மேனேஜரின் கமிஷன் எதன் மேல் என்று யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். நம் இடத்தில் யார் யோசித்தார்கள்?

குழந்தைகளுக்கு வழி திறந்தது ரொம்ப தாமதமாக. 1995 முதல், தகுதியுள்ள பப்களுக்குத் தனிச் சான்றிதழ் கொடுத்துப் பெரியவர்களோடு குழந்தைகள் வரலாம் என்றார்கள். 2003-ல் போட்ட சட்டம் 2005 நவம்பரில் அமலுக்கு வந்தபோது அது பொதுவாகவே சுலபமானது. அதுவரை எத்தனையோ குடும்பங்களில் அப்பா உள்ளே, குழந்தைகள் தோட்டத்திலோ காரிலோ சிப்ஸ் பொட்டலத்தோடு. பெண்கள் கதை இன்னும் வேடிக்கை. லண்டன் ஃப்ளீட் தெருவில் எல் வினோ என்ற ஒயின் பார், பத்திரிகைக்காரர்கள் கூடும் இடம். அங்கே பெண்கள் கவுண்டரில் நின்று வாங்க முடியாது, பின்னறையில் போய் உட்கார வேண்டும். 1982-ல் இரண்டு பெண்கள் அப்பீல் கோர்ட் வரை போய் ஜெயித்தார்கள். அப்போது அந்த நாட்டுப் பிரதமரே ஒரு பெண்.

இதுவரை சொன்னதெல்லாம் வெள்ளைக்காரர்களின் வரலாறு. நாம் அந்த மேஜையில் உட்கார்ந்தது எப்படி என்று ஒன்று பாக்கியிருக்கிறது.

பர்மிங்ஹாம் பக்கத்தில் ஸ்மெதிக் என்று ஒரு ஊர். இரும்பு வார்ப்படத் தொழிற்சாலைகள், வேலைக்குப் பஞ்சாபிலிருந்து வந்தவர்கள் ஏராளம். 1960-களில் அங்கே பல பப்களில் இந்தியர்களுக்குப் பியர் கிடையாது, அல்லது மலிவான பக்கத்தில் மட்டும் கிடைக்கும், கம்பளம் விரித்த அறைக்குள் போகக்கூடாது. இதை மறுக்கச் சட்டம் எதுவும் கிடையாது. அவ்தார் சிங் ஜௌல் என்ற வார்ப்படத் தொழிலாளி, இந்தியத் தொழிலாளர் சங்கத்துக்காரர், ஒரு வேலை செய்தார். பல்கலைக்கழகத்து வெள்ளைக்கார மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு பப் பப்பாகப் போனார். ஒரே நேரத்தில் அவர்களும் கேட்பார்கள், இவர்களும் கேட்பார்கள். அவர்களுக்குக் கிடைக்கும், இவர்களுக்குக் கிடைக்காது. சாட்சி தயார். அந்தச் சாட்சியத்தை வைத்து லைசென்ஸ் புதுப்பிக்கும்போது ஆட்சேபணை எழுப்பினார்கள். 1552-ல் போட்ட லைசென்ஸ் கயிறு, நானூறு வருடம் கழித்து நம்மவர் கையில்!

1965 பிப்ரவரியில் அமெரிக்காவின் மால்கம் எக்ஸ் ஸ்மெதிக் வந்தார். ஜௌல் அவரை ப்ளூ கேட்ஸ் என்ற பப்புக்கு அழைத்துப் போனார். அந்த உலகப் புகழ் பெற்ற மனிதருக்கும் உள்ளறையில் இடமில்லை, பொதுப் பாருக்குப் போ என்றார்கள். ஒன்பது நாள் கழித்து அவர் நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வருட டிசம்பரில் பிரிட்டனின் முதல் இன உறவுச் சட்டம் அமலுக்கு வந்தது. வேலைக்கும் வீட்டுக்கும் அது பொருந்தாது, அதற்கு 1968 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் பப், ஓட்டல் போன்ற பொது இடங்களில் நிறத்தைச் சொல்லி மறுக்கக்கூடாது என்றானது. இன்றைக்கு அந்த வட்டாரத்தில் பஞ்சாபியர் நடத்தும் 'தேசி பப்' என்றே ஒரு வகை. தந்தூரிக் கறி சாப்பிட வெள்ளைக்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

நாக்ஸ் ஹெட்டுக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது அம்மா ஜன்னலோர மேஜையில் ஆரஞ்சு ஜூஸோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்து மேஜைக்கு அடியில் ஒரு நாய் தூங்கிக்கொண்டிருந்தது. நாயை உள்ளே விட்டதுதான் அவருக்கு ஜீரணமாகவில்லை, மற்றபடி "நம்ம ஊரு காபி கிளப்பு மாதிரிதான் இருக்கு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். குழந்தைகளுக்கு சிப்ஸ், எங்களுக்குக் காளான் போட்ட ஏதோ ஒன்று, உப்புக் காரம் இல்லாமல். கவுண்டரில் ஒரு குழாயில் இந்தியா பேல் ஏல் என்று எழுதியிருந்தது. நம் ஊரில் இருந்த துரைமார்களுக்காகக் கப்பலில் வந்த சரக்கின் வாரிசு. தங்கை வீட்டுக்காரர் அதில் அரை பைன்ட் வாங்கிக்கொண்டு, மாமியார் கண்ணில் படாமல் வெளியே நின்று மலையின் அழகை ரசித்தார். நான் என்ன குடித்தேன் என்று பின்னூட்டத்தில் கேட்க வேண்டாம், அம்மா எதிரில் இருந்தார்.

இவ்வளவு சண்டை போட்டு எல்லோருக்கும் கதவு திறந்த பிறகு, கடைகள் மூடிக்கொண்டிருக்கின்றன என்பதுதான் சோகம். 2000-ல் பிரிட்டனில் சுமார் 60,000 பப்கள். 2023-ல் சுமார் 45,000. சூப்பர் மார்க்கெட்டில் பியர் மலிவு, வரி அதிகம், கடையை வீடாக மாற்றி விற்றால் லாபம் அதிகம். தபால் ஆபீஸும் மளிகைக் கடையும் ஏற்கெனவே போய்விட்ட சின்ன ஊரில் பப்பும் மூடினால் நாலு பேர் சந்திக்க இடமில்லை.

அதற்கு ஒரு ஊர் கண்டுபிடித்த வழி எனக்குப் பிடித்திருக்கிறது. கார்லைலுக்குத் தெற்கே ஹெஸ்கெட் நியூமார்க்கெட் என்று ஒரு சின்னக் கிராமம். அங்கே ஓல்ட் க்ரௌன் என்ற பப்பை நடத்தியவர்கள் விற்க முடிவு செய்ததும், ஊர்க்காரர்களும் வெளியூர் நண்பர்களுமாக நூற்றுக்கு மேற்பட்டவர்கள் பங்கு போட்டு 2003-ல் கூட்டுறவு முறையில் வாங்கிவிட்டார்கள். அந்த நாட்டில் முதல் கூட்டுறவு பப். அதன் பிறகு 2011-ல் வந்த சட்டத்தின்படி, ஊருக்கு முக்கியமான கட்டடம் என்று பதிவு செய்துவிட்டால், விற்பனைக்கு வரும்போது ஊர்க்காரர்கள் பணம் திரட்ட ஆறு மாதம் அவகாசம் கேட்கலாம். அப்படிப் பல கிராமங்கள் தங்கள் பப்பை வாங்கியிருக்கின்றன. கூட்டுறவு என்ற யோசனைக்கே பிறந்த வீடாகச் சொல்லப்படும் ராச்டேல், 1844-ல் நெசவாளிகள் கடை வைத்த ஊர், தங்கை வீட்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு மைல்தான். அந்தக் கடை மியூசியமாக இருக்கிறது. நிக்கல்சன் துரை மதராஸிலிருந்து ஐரோப்பா போய்க் கூட்டுறவு வங்கிகளைப் படித்துவிட்டு வந்து எழுதிய அறிக்கையையும் சேர்த்து, அதைத் தனிப் பதிவாக எழுதுகிறேன்.